சர்வரை மாற்றும் முன் குவெரியை எண்ணுங்கள்: வெப் ஆப் ஏன் மெதுவாகிறது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது மருத்துவமனைகளும் ஸ்கேன் சென்டர்களும்தான். காலையிலேயே ராசிபுரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ் ஏறி வந்து டோக்கனுக்காகக் காத்திருப்பார்கள். அங்கே ஒரு கிளினிக்கில் டோக்கன் போட வெப் ஆப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் ஒரு நொடிக்குள் திறந்த பக்கம், இரண்டு வருஷம் கழித்து எட்டு நொடி எடுக்கிறது. "ஏங்க்கா, இன்னும் பேர் வரலையா?" என்று கேட்டால், "இருங்கம்மா, சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்கு" என்று கவுன்டரிலிருந்து பதில் வருகிறது.

உரிமையாளர் டெவலப்பரைக் கூப்பிடுகிறார். "சார், சர்வரைப் பெருசு பண்ணிடலாம்" என்கிறார் டெவலப்பர். மாத வாடகை இரண்டு மடங்காகிறது. சில வாரம் நன்றாக ஓடுகிறது, பிறகு பழைய கதைதான்.

இப்படி மெதுவாகும் ஆப்களில் பலவற்றில் மெஷின் சின்னதாக இருப்பது முதல் காரணம் அல்ல. டேட்டாபேஸிடம் ஆப் என்ன கேட்கிறது, எத்தனை முறை கேட்கிறது என்பதில்தான் சிக்கல். அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் பணம் செலவாகாது. ஒரு மதியம் போதும்.

ஃப்ரேம்வொர்க் எதை மறைக்கிறது?

வெப் ஆப்களை யாரும் இன்று முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. பைத்தான் தெரிந்தவர்கள் ஜாங்கோ, பி.எச்.பி. தெரிந்தவர்கள் லாராவெல், ரூபி தெரிந்தவர்கள் ரெயில்ஸ் என்று ஒரு ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஜாங்கோ பிறந்தது ஒரு நாளிதழ் அலுவலகத்தில். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் வெளிவரும் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்' இதழின் இணையப் பிரிவில் அட்ரியன் ஹொலோவட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் உருவாக்கியது இது. செய்தி அறையின் அவசரத்துக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் தளங்களைக் கட்ட வேண்டும் என்பதுதான் தேவை. 2005 ஜூலையில் அதைப் பொதுவெளியில் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இந்த ஃப்ரேம்வொர்க்குகள் எல்லாவற்றிலும் ஓ.ஆர்.எம். என்று ஒரு அடுக்கு உண்டு. நீங்கள் எஸ்.க்யூ.எல். எழுத வேண்டாம். 'டோக்கன் டாட் டாக்டர் டாட் பெயர்' என்று எழுதினால் போதும், குவெரியை அதுவே எழுதி, டேட்டாபேஸுக்கு அனுப்பி, பதிலை வாங்கி வந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு குவெரி ஓடியதா, நூறு ஓடியதா என்பது மட்டும் கோடைப் பார்த்தால் தெரியாது.

50 ட்ரே முட்டைக்கு 50 பயணமா?

கிளினிக் ஆப்பில் ஒரு பக்கத்துக்கு 50 டோக்கன். ஒவ்வொன்றிலும் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தெரிய வேண்டும். டோக்கன் பட்டியலை எடுக்க ஒரு குவெரி. பிறகு லூப் ஓடும்போது ஒவ்வொரு டோக்கனுக்கும் டாக்டர் பெயருக்கு ஒன்று, நோயாளி பெயருக்கு ஒன்று. மொத்தம் 101 குவெரி. டெவலப்பர்கள் இதை 'என் பிளஸ் ஒன்' பிரச்சினை என்பார்கள்.

நாமக்கல்லில் இருந்து 50 ட்ரே முட்டை எடுத்து வரணும். ஒரு ட்ரேயை ஏற்றிக்கொண்டு சேலம் வந்து இறக்கிவிட்டு, அடுத்த ட்ரேக்கு மறுபடி நாமக்கல் போவாரா யாராவது? என் பிளஸ் ஒன்னில் நடப்பது அதுதான். முட்டையை ஏற்றும் நேரத்தைவிட ரோட்டில் போகும் நேரம்தான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே டேட்டா சென்டரில் இருந்து, ஒரு முறை போய்வர 1 மில்லி நொடி ஆனால் 101 குவெரிக்கு 0.1 நொடி. யாருக்கும் தெரியாது. ஆப் மும்பையிலும் டேட்டாபேஸ் சிங்கப்பூரிலும் இருந்து, ஒரு முறைக்கு 60 மில்லி நொடி ஆகிறது என்று வைத்தால், அதே 101 குவெரிக்கு 6 நொடி. சர்வரில் ரேம் எவ்வளவு கூட்டினாலும் இந்த 6 நொடி குறையாது.

தீர்வு, முன்கூட்டியே மொத்தமாகக் கேட்பது. ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்' என்று சேர்த்தால், டாக்டர், நோயாளி டேபிள்களையும் இணைத்து ஒரே குவெரியில் எல்லாம் வந்துவிடும். ஒரு டோக்கனுக்குப் பல டெஸ்ட்கள் என்பதுபோல் ஒன்றுக்குப் பல இருந்தால் 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்'. இது எல்லா டெஸ்ட்களையும் கூடுதலாக ஒரே ஒரு குவெரியில் எடுத்துவிடும். லாராவெலில் இதற்கு 'வித்', ரெயில்ஸில் 'இன்க்ளூட்ஸ்'. பல நேரங்களில் ஒரு வரி மாற்றினாலே 101 குவெரி ஒன்றாகவோ மூன்றாகவோ குறைந்துவிடும்.

எங்கே இடிக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஜாங்கோவுக்கு 'டீபக் டூல்பார்', லாராவெலுக்கு 'டெலஸ்கோப்', ரெயில்ஸுக்கு 'புல்லட்' என்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டும் எத்தனை குவெரி ஓடியது, எதற்கு எவ்வளவு நேரம் என்று காட்டிவிடும். புல்லட் என் பிளஸ் ஒன் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டும்.

டேட்டாபேஸ் பக்கமும் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 'ஸ்லோ குவெரி லாக்' உண்டு. ஆனால், மாற்றி அமைக்காவிட்டால் 10 நொடியைத் தாண்டிய குவெரியைத்தான் அது குறித்துவைக்கும். எட்டு நொடி குவெரி அதில் வரவே வராது! போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்களுக்கு 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற நீட்சி இருக்கிறது. ஒவ்வொரு குவெரியும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது என்று கணக்கு வைக்கும்.

மொத்த நேரம்தான் முக்கியம். நாளுக்கு ஒருமுறை ஓடும் 5 நொடி குவெரி கண்ணில் படும். 2 மில்லி நொடிதான் எடுக்கும் ஒரு குவெரி நாளுக்கு ஒரு லட்சம் முறை ஓடினால் 200 நொடி. முதலில் கை வைக்க வேண்டியது இரண்டாவதில்.

இண்டெக்ஸ்: எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டாம்

கிளினிக்கில் நாளுக்கு 500 டோக்கன், வருஷத்துக்கு 300 நாள் என்றால் இரண்டு வருஷத்தில் 3 லட்சம் பதிவுகள். ஒரு நோயாளி தன் செல்போன் நம்பரைச் சொல்கிறார். அந்த நம்பருக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால், டேட்டாபேஸ் 3 லட்சம் பதிவையும் முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும். ஆயிரம் பதிவு இருந்தபோது இது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. "போன வருஷம் நல்லா ஓடிச்சே" என்பதன் ரகசியம் இதுதான்.

இண்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி வரிசைப்படுத்திய தனிப் பட்டியல். இதற்குப் பெரும்பாலும் பயன்படும் 'பி ட்ரீ' அமைப்பை, போயிங் நிறுவன ஆய்வகத்தில் இருந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் இருவரும் 1970-ல் முன்வைத்தார்கள். ஒவ்வொரு கிளையிலும் நூற்றுக்கணக்கான வழிகள் பிரிவதால், லட்சக்கணக்கான பதிவுகளில் தேடுவதையும் மூன்று நான்கு படிகளில் முடித்துவிடலாம்.

ஒரு குவெரி இண்டெக்ஸைப் பயன்படுத்துகிறதா என்று அறிய, அதன் முன்னால் 'எக்ஸ்பிளெயின்' என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் பெரிய டேபிளுக்கு 'சீக் ஸ்கேன்' என்று வந்தால் முழு டேபிளையும் படிக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் மட்டும் கவனம். 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' குவெரியை நிஜமாகவே ஓட்டிவிடும். டெலீட் குவெரியில் அதைப் போட்டால் பதிவுகள் அழிந்துவிடும்.

இண்டெக்ஸ் இருந்தும் வேலை செய்யவில்லையே?

மூன்று இடங்களில் அடிக்கடி இடறுகிறார்கள்.

ஒன்று, தேதி. டோக்கன் போட்ட நேரத்துக்கு இண்டெக்ஸ் இருக்கும். ஆனால் குவெரியில் அந்த நேரத்தைத் தேதியாக மாற்றி, 'இன்றைய தேதியா?' என்று கேட்டால் அந்த இண்டெக்ஸ் உதவாது. 'இன்று நள்ளிரவு 12 மணி முதல் நாளை நள்ளிரவு 12 மணிக்கு முன்புவரை' என்று எல்லை கொடுத்துக் கேட்டால் உதவும்.

இரண்டு, பெயர் தேடல். 'குமார்' என்று தொடங்கும் பெயர்களை அகராதியில் தேடலாம். நடுவில் எங்காவது 'குமார்' வரும் பெயர்களை எப்படித் தேடுவது? சாதாரண இண்டெக்ஸுக்கும் அதே நிலைதான். போஸ்ட்கிரெஸில் இதற்கென்று 'ட்ரைகிராம்' இண்டெக்ஸ் தனியாக உண்டு.

மூன்று, வரிசை. டாக்டர், தேதி என்று இரண்டையும் சேர்த்து இண்டெக்ஸ் போட்டால், ஒரு டாக்டரின் இன்றைய டோக்கன்கள் உடனே கிடைக்கும். டாக்டரைச் சொல்லாமல் தேதியை மட்டும் கேட்டால் அவ்வளவாக உதவாது. எந்தக் கேள்வி அதிகம் வருகிறதோ, அதற்கேற்ற வரிசையில் போட வேண்டும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் போடாதீர்கள். புதிய டோக்கன் சேரும்போது ஒவ்வொரு இண்டெக்ஸையும் டேட்டாபேஸ் திருத்த வேண்டும். தேடல் வேகமாகி, டோக்கன் போடுவது மெதுவாகிவிடும். போஸ்ட்கிரெஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்கு இண்டெக்ஸ் சேர்க்கும்போது 'கன்கரன்ட்லி' என்ற சொல்லையும் சேருங்கள். இல்லையென்றால், அது முடியும்வரை அந்த டேபிளில் புதிய டோக்கன் பதிவாகாது.

ரிப்போர்ட்டைத் தனி வரிசைக்கு அனுப்புங்கள்

சில குவெரிகள் இயல்பிலேயே கனமானவை. வருஷக் கணக்கு ரிப்போர்ட் ஒரு உதாரணம். அதை டோக்கன் போடும் நேரத்தில் ஓட்டினால் இரண்டும் கெடும். பெங்களூருவைச் சேர்ந்த பங்குத் தரகு நிறுவனம் ஜெரோதா, இதற்காக 'டங்பீட்டில்' என்ற கருவியை உருவாக்கி, கோடையும் பொதுவில் கொடுத்திருக்கிறது. கனமான ரிப்போர்ட் குவெரிகளை வரிசையில் நிறுத்தி, பின்னணியில் ஓட்டி, முடிவுகளை வேறொரு டேட்டாபேஸில் வைத்துவிடும். வாடிக்கையாளர் அங்கிருந்து பார்த்துக்கொள்வார். கிளினிக்குக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ராத்திரி ஒருமுறை ரிப்போர்ட்டைத் தயாரித்துச் சேமித்துவைத்தாலே போதும்.

அப்படியென்றால் பெரிய சர்வர் எப்போது?

சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ், ரெயில்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் கொண்டு கட்டப்பட்டது. வாடிக்கையாளர்கள் பெருகியபோது என்ன செய்தார்கள் என்பதை அதன் பொறியாளர்களே பொதுவெளியில் எழுதியிருக்கிறார்கள். முதலில் பெரிய மெஷினுக்கு மாறினார்கள். பிறகு படிக்கும் குவெரிகளை நகல் டேட்டாபேஸுக்குத் திருப்பினார்கள். அடிக்கடி தேவைப்படுவதை மெமரியில் கேஷ் செய்தார்கள். டேபிள்களை வாடிக்கையாளர் எண்படி பிரித்தார்கள். எழுதும் சுமை ஒரு மெஷினுக்கு அடங்காமல் போனபோதுதான், வாடிக்கையாளர்களையே பல டேட்டாபேஸ்களுக்குப் பங்கிடும் 'ஷார்டிங்' முறைக்குப் போனார்கள்.

ஆக, பெரிய மெஷின் தப்பு அல்ல. ஆனால் நாளுக்கு 500 டோக்கன் போடும் கிளினிக்கின் பிரச்சினை, உலகம் முழுக்க வாடிக்கையாளர் வைத்திருக்கும் நிறுவனத்தின் பிரச்சினை அல்ல. குவெரியைச் சரிசெய்து, இண்டெக்ஸ் போட்டு, ரிப்போர்ட்டை ஒதுக்கிய பிறகும் சர்வர் திணறினால் அப்போது வாடகையைக் கூட்டுங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியவை

* மெதுவாக இருக்கும் ஒரு பக்கத்தை எடுத்து, எத்தனை குவெரி ஓடுகிறது என்று எண்ணுங்கள். பட்டியலின் நீளத்தோடு சேர்ந்து எண்ணிக்கையும் கூடினால் அது என் பிளஸ் ஒன்.

* ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

* அதிக மொத்த நேரம் தின்னும் ஐந்து குவெரிகளை 'எக்ஸ்பிளெயின்' போட்டுப் பாருங்கள்.

* லேப்டாப்பில் 20 பதிவை வைத்துச் சோதித்தால் எல்லாமே வேகமாகத்தான் தெரியும். லட்சம் போலிப் பதிவுகளை உருவாக்கிச் சோதியுங்கள். அவசரத்துக்கு நிஜ நோயாளிகளின் விவரத்தை லேப்டாப்பில் இறக்க வேண்டாம். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

* சரிசெய்தது மறுபடி கெடாமல் காவல் வையுங்கள். இத்தனை குவெரிதான் ஓட வேண்டும் என்று ஜாங்கோவில் டெஸ்ட் எழுதலாம். ரெயில்ஸிலும் லாராவெலிலும், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுக்கும் பழக்கத்தையே தடுக்கும் வசதி உண்டு.

அடுத்த முறை "சர்வரைப் பெருசு பண்ணணும்" என்று யாராவது சொன்னால், நீங்கள் டெவலப்பராக இல்லாவிட்டாலும், பணம் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "இந்தப் பக்கம் திறக்க எத்தனை குவெரி ஓடுது தம்பி?" பதில் தெரியவில்லை என்றால், வாடகையைக் கூட்டுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.