தெளிவட்டம் சொல்வது என்ன?

பள்ளிக் கண்காட்சியொன்றில் என் மாணவன் ஒருவன் கண்ணாடித் தட்டொன்றை என்னிடம் காட்டினான். தட்டெங்கும் தயிர்க் கிருமிகள் பரவியிருந்தன. வேப்பிலைச் சாற்றில் தோய்த்த வடிதாள் வில்லையைச் சுற்றி மட்டும் வளர்ச்சியின்றித் தெளிவானதொரு வட்டம். "வேம்பு கிருமியைக் கொன்றுவிட்டது, ஐயா!" என்றான். இலையை எதில் ஊறவைத்தாய் என்றேன். ஸ்பிரிட்டில் என்றான். வெறும் ஸ்பிரிட்டில் தோய்த்த வில்லையையும் வைத்து மீண்டும் சோதித்தோம். அதனைச் சுற்றியும் ஏறக்குறைய அதே வட்டம்! வில்லையை உலர்த்தாது ஈரத்துடன் வைத்ததன் விளைவு அது. கண்காட்சிப் பரிசு போயிற்று; நான் முழு மதிப்பெண் அளித்தேன்.

இச்சோதனையில் இன்று உலகமே கருத்தூன்றக் காரணம் உண்டு. மெதிசிலின் என்னும் மருந்து 1959 இல் வந்தது. அதற்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி 1961 இலேயே இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. புது மருந்து தேடுவோர் மூலிகைகளையும் நாடுவது இதனாலன்றோ?

மரமஞ்சளை நீங்கள் நாட்டு மருந்துக்கடையில் கண்டிருப்பீர்கள். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின் என்னும் பொருள். பார்பெரிச் செடிகளிலும் அது உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸின் முன் அது தனித்து நின்றால் வலிமை குன்றியதே. உட்புகும் பெர்பெரினை, ஓட்டைப் படகினின்று நீர் இறைப்பவனைப் போல, அக்கிருமி தன் சவ்விலுள்ள பம்பு போன்றதொரு புரதத்தால் வெளியே இறைத்துவிடுகிறது. நார்ஃப்ளாக்சசின் என்னும் மருந்தை வெளியேற்றுவதும் இதே பம்புதான். பார்பெரிச் செடியிலேயே மற்றொரு பொருள் இருப்பதை 2000 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அது தனியே கிருமிக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் பம்பை முடக்கிவிடுகிறது. இரண்டும் கூடினால் பெர்பெரின் உள்ளே தேங்கிக் கிருமியை ஒடுக்குகிறது. தனித்தனியே சோதித்தவர் இரண்டையுமே கழித்திருப்பார்!

வட்டத்தின் அகலத்தைக் கொண்டு வலிமையை ஒப்பிடுவதும் பிழையே. அகார்க் கூழில் எளிதில் பரவாத பொருள், வல்லதாயினும் சிறு வட்டமே காட்டும். ஆகவே ஊட்டக் கரைசல் நிறைந்த குழாய்களில் சாற்றின் செறிவைப் பாதி பாதியாகக் குறைத்து, எந்த மிகக் குறைந்த அளவில் கிருமி வளராது நிற்கிறதெனக் காண்பர். அந்த அளவு மனித உயிரணுக்களைக் கெடுக்குமா என்பது அடுத்த வினா. ஸ்பிரிட்டும் கிருமியைக் கொல்லும். அதை ஊசியில் ஏற்றுவார் உண்டோ? பெர்பெரினுக்கோ வேறொரு தடையும் உண்டு. விழுங்கியதில் மிகச் சிறு பங்கே குருதியைச் சென்றடைகிறது.