மோட்டார் வண்டியும் மரையாணியும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு அச்சாணி எத்தகையதோ, மோட்டார் வண்டிக்கு மரையாணியும் அத்தகையதே. பட்டறைகளில் போல்ட்டு என வழங்கும் இதனைப் பற்றிச் சிந்திப்பார் மிகச் சிலர். கிளச்சு, புரொப்பெல்லர் ஷாப்ட்டு முதலிய உறுப்புக்கள் தேய்ந்தவிடத்து, வண்டியைச் செய்த கம்பெனியின் உறுப்பை வாங்குவதா, பிறர் செய்து விற்பதை வாங்குவதா எனப் பன்முறை ஆராய்வோர், அவற்றைப் பிணைக்கும் ஆணிகளை மட்டும் கடையிற் கிடைத்தவாறே வாங்கிவிடுகின்றனர். இஃது எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யந்திரத்திற் பிறந்த சுழற்சி சக்கரத்தை அடையும் வழியை முதற்கண் நோக்குவோம். பின் சக்கரங்களால் உந்தப்படும் வண்டியில், அச்சுழற்சி பிளைவீல், கிளச்சு, கியர்ப் பெட்டி, புரொப்பெல்லர் ஷாப்ட்டு, டிபரன்ஷியல் என்னும் இவற்றினூடே செல்கின்றது. யந்திரம் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருவதாகக் கொள்வோம். முதற் கியரில் அது மூன்றரை மடங்காயின் ஷாப்ட்டில் 700 ஆகும். டிபரன்ஷியலில் மேலும் நான்கு மடங்காயின், உராய்வால் வரும் சிறு இழப்பு நீங்கலாக, 2,800 ஆகும். இவ்வழியிலுள்ள இணைப்புக்களிற் பல, சில மரையாணிகளாலேயே பிணிக்கப்பட்டுள்ளன.

இனி, மரையாணி தொழில் செய்யும் வகை யாது? அச்சாணி சக்கரம் கழலாதபடி குறுக்கே நின்று தடுக்கின்றது. மரையாணியும் அவ்வாறே குறுக்கே நின்று தாங்குகின்றது என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. மரையாணி ஒரு வலிய வில் போன்றது. திருகுந்தோறும் அது மிக நுண்ணிய அளவில் நீள்கின்றது. நீண்டது சுருங்க முயல்கையில் இரு தகடுகளையும் இறுக்கி அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தால் தகடுகளிடையே எழும் உராய்வே பெரும்பாலும் முறுக்கு விசையை ஒன்றினின்று மற்றொன்றுக்குக் கடத்துகின்றது. 10 மில்லிமீட்டர் விட்டமும் 10.9 என்னும் தரமும் உடைய ஓர் ஆணி, முறைப்படி இறுக்கப்படின், ஏறத்தாழ 3,600 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்தும். அத்தகைய ஆறு ஆணிகள் சேரின் அவ்வழுத்தம் இருபத்தொரு டன்னுக்கும் மேலாகும்!

இவ்வழுத்தம் குன்றினால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ஆணி இருபுறமும் மாறி மாறி வளையும். நாளடைவில் உலோகம் களைத்துக் கீறல் விழுந்து முறியும். இவ்வாறு பக்கவாட்டில் அசையும் அசைவே திருகாணியைத் தானாகக் கழலச் செய்வது என்பதை ஜெர்மானியப் பொறியியலறிஞர் யுங்கர் 1969-ம் ஆண்டில் சோதனையால் நிறுவினார்.

ஆணியின் தலையிற் பொறித்த எண்களின் பொருளை மாணவர் அறிந்திருத்தல் நலம். 10.9 என்பதில் முதலெண், ஒரு சதுர மில்லிமீட்டர்ப் பரப்பு சுமார் 100 கிலோகிராம் இழுப்பைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். அவ்வளவிற் பத்தில் ஒன்பது பங்குவரை இழுத்து விட்டாலும் ஆணி பழைய நீளத்துக்கு மீளும் என்பது அடுத்த எண்ணின் பொருள். 8.8 என்னும் ஆணியில் இவை முறையே சுமார் 80 கிலோகிராமும் அதிற் பத்தில் எட்டுப் பங்கும் ஆம். 10.9 இருக்க வேண்டிய இடத்தில் 8.8-ஐ இட்டு, அதே அளவு திருகினால், அது தன் எல்லையைக் கடந்து நிலையாக நீண்டுவிடக் கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தொழிலில் வேறு.

பளபளப்பும் வலிமைக்குச் சான்றாகாது. துருவேறா எஃகிற் செய்து பரவலாக விற்கப்படும் ஏ2-70 என்னும் ஆணி அழகியது, ஆயினும் 8.8-ஐ விட வலிமை குறைந்தது. மிக வலிய எஃகு ஆணிக்குத் துத்தநாகப் பூச்சு ஏற்றுங்கால் ஹைட்ரஜன் உட்புகுவதுண்டு. பூசியபின் உலையில் முறைப்படி சூடாக்கி அதனை நீக்காவிடின், ஆணி இறுக்கிய சில மணியிலோ சில நாளிலோ எவ்வித முன்னறிவிப்புமின்றி முறியக் கூடும். பொய்த் தரக்குறி பொறித்த ஆணிகள் சந்தையிற் பெருகியமையால், அவற்றைத் தடுக்க அமெரிக்க ஐக்கிய நாடு 1990-ம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சிற்றாணிக்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், அதனாற் போகக்கூடிய உயிர்களின் மதிப்பே காரணமாகும்.

நல்ல ஆணியும் தீய கையிற் கெடும். திருகும் விசையிற் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகின்றது. சுமார் பத்தில் ஒரு பங்கே ஆணியை நீட்டுகின்றது. ஆதலால் உலர்ந்த மரைக்கு விதித்த அளவை எண்ணெயிட்ட மரைக்குக் கொள்ளின், உராய்வு குறைந்து ஆணி மிகையாக நீளும். ஆதலின், செய்தவர் குறித்த தரம், நீளம், மரையிடைவெளி ஆகியவற்றை ஒப்பிட்டு வாங்குக. தரக்குறியும் செய்தவர் முத்திரையும் இல்லாததை விலக்குக. மரையைத் துடைத்து, அளவு காட்டும் டார்க் ரெஞ்சினால் இறுக்குக. ஒருமுறை இறுக்கியபின் மீண்டும் பயன்படுத்தலாகாது என விதிக்கப்பட்டவற்றை மறுமுறை இடாதொழிக.

ஓடும் வண்டியில் புரொப்பெல்லர் ஷாப்ட்டின் முன்முனை கழன்று பாதையிற் குத்துமாயின், வண்டி செலுத்துவோன் செய்யக்கூடியது சிறிதே. புது ஷாப்ட்டுக்கு ஆயிரக் கணக்கிற் பணம் கொடுத்தவர், ஆணியிற் சில ரூபாயை மிச்சப்படுத்துதல் சிக்கனமாகாது. வண்டியின் ஆற்றல் யந்திரத்திற் பிறக்கலாம்; அதனை நம்பி அமர்ந்திருப்போரின் உயிரோ, எவர் கண்ணுக்கும் படாத சில ஆணிகளின் பிடியில் உள்ளது.