காற்றை வாடகைக்குப் பெறலாமா?

பம்பலப்பிட்டியில் புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். மாலையில் அங்கு உலவுவோருள், உல்லாசப் பாய்ப்படகு ஒன்றை அமர்த்திச் சில நாட்கள் கடலிற் கழிக்கலாகாதா என எண்ணுவோரும் உளர்.

படகை அமர்த்துதல் இருவகைப்படும். பயிற்சியுடையார் படகை மட்டும் பெற்றுத் தாமே செலுத்துவர். ஏனையோர் மாலுமியையும் உடன் அமர்த்துவர். இருசாராரும் காற்றுக்குக் கட்டுப்பட்டவரே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் இம்மேற்குக் கரை கொந்தளிக்கும். டிசெம்பர் முதல் ஏப்பிரல் வரையே பெரிதும் அமைதியாயிருக்கும். பணம் படகைத் தரும், காற்றைத் தராது. காற்றின் போக்கறிந்தவன் துணையே கடற்பயணத்தின் உயிர்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. வல்வெட்டித்துறையில் 1930இல் வேப்பமரத்தாற் கட்டப்பெற்றது 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல். நீளம் 89 அடி. அதனை விலைக்கு வாங்கியவர் அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன். அவர் கடலறியாச் செல்வரல்லர். 'சுவாப்' என்னும் 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். மரத்தின் உறுதியையும் கட்டுமானத்தின் செம்மையையும் மதிப்பிடவல்ல அவர், நம் ஊர்த் தச்சரின் கைவண்ணத்தைத் தேர்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

கப்பலைச் செலுத்திச் சென்றோர் வல்வெட்டித்துறைக் கடலோடிகள், தண்டையல் தம்பிப்பிள்ளை. சோழகமும் வாடையும் பார்த்து, பர்மாவுக்கும் தமிழகத்துக்கும் சரக்கேற்றிச் சென்ற மரபில் வந்தவர்கள் அவர்கள். சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரோல்ரர், பெர்முடா எனக் கடந்து, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது அக்கப்பல்.

அதற்குள் அதன் பெயர் 'புளோரன்ஸ் சீ. ரொபின்சன்' என மாறியிருந்தது. வாங்கியவர் பெயரை மாற்றலாம். அஃது அவர் உரிமை. ஆனால் அத்திலாந்திக் அலைகளிடையே சுக்கானைப் பிடித்த கைகள் எவருடையவை என்பதை நாம் மறத்தல் முறையன்று. கப்பலோட்டிய தமிழர் என்றதும் சோழர் காலத்தை மட்டும் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில், 1938ஆம் ஆண்டுக்கும் ஓரிடம் வேண்டாவா?

உல்லாசப் படகேறச் செல்லும் அன்பர்களே, புறப்படுமுன் படகின் அழகைப் பாருங்கள். அதைச் செலுத்துவோரின் பெயரையும் கேட்டறியுங்கள்.