வினையும் அதன் துணையும்

பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காக நம் குடும்பங்கள் இன்று செலவிடும் பொருளும் காலமும் சிறிதல்ல. எனினும், பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் அம்மொழியைப் பயின்று நல்ல மதிப்பெண்ணும் பெற்ற மகனோ மகளோ, வேலைக்கு ஒரு விண்ணப்பம் எழுத அமர்ந்ததும் தயங்குவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். அயல்நாட்டில் செவிலியராகப் பணியாற்ற விழையும் நம் பெண்மக்கள், ஆங்கில எழுத்துத் தேர்வு என்றதும் அஞ்சுகின்றனர். சொற்கள் தெரியாமையால் வரும் அச்சமல்ல இது. தெரிந்த சொற்களை எதனோடு எதைப் பொருத்துவது என்னும் ஐயத்தால் வருவது.

அவ்வையம் மிகுதியாக எழும் இடம் ஒன்று உண்டு. முதலில் ஒரு வினைச்சொல். அடுத்து 'இன்', 'ஆன்', 'ஆஃப்', 'ஃபார்', 'ஃப்ரம்', 'டு' போன்றதொரு முன்னிடைச்சொல். அதன்பின் 'இங்' என்று முடியும் ஒரு சொல். இத்தொடரைச் சரிவர அமைக்கக் கற்றவருக்கு ஆங்கிலக் கடிதத்தில் பாதிச் சுமை குறையும். ஆகவே அதனை ஈண்டு சற்று ஆராய்வோம்.

தமிழ் முன்பே அறிந்த விதி

விதி மிக எளிது. முன்னிடைச்சொல்லை அடுத்து ஒரு செயலைக் குறிப்பிட வேண்டுமாயின், அச்செயல் பெயர்த்தன்மை பெற்று, 'இங்' வடிவிலேயே வரவேண்டும். 'தாங்க் யூ ஃபார் ஹெல்ப்பிங் மீ' என்பது சரி. 'ஃபார் ஹெல்ப் மீ' என்பது பிழை.

இதை அயல்மொழியின் விந்தை என்று கருதவேண்டுவதில்லை. 'எனக்கு உதவினாய்க்கு நன்றி' என்று தமிழர் எவரும் சொல்லார். 'எனக்கு உதவியதற்கு நன்றி' என்றே சொல்வர். வேற்றுமை உருபு பெயரோடுதான் சேரும். வினையும் பெயராக மாறிய பின்னரே அதனை ஏற்கும். செய்தல், செய்வது, செய்தது என்பனவெல்லாம் அவ்வாறு பெயராகி நிற்பவை. நம் முன்னோர் இத்தகையவற்றுள் செய்தல் போன்றவற்றுக்குத் தொழிற்பெயர் எனப் பெயரிட்டனர். நாம் பின்னால் சேர்க்கும் உருபை ஆங்கிலேயர் முன்னால் வைக்கின்றனர், வேறுபாடு அவ்வளவே.

குருமடங்களில் இலத்தீன் பயின்றோரும் இதே நெறியை அங்குக் கண்டிருப்பர். செய்தித்தாள்களில் காணும் 'மோதுஸ் விவெந்தி' என்னும் தொடருக்கு 'வாழ்தலின் முறை' என்பது பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய 'ஆர்ஸ் மோரியெந்தி' என்னும் பக்தி நூல்களின் பெயருக்கு 'இறத்தலின் கலை' என்பது பொருள். வாழ்தல், இறத்தல் என்னும் தொழிற்பெயர்களே அங்கும் உருபேற்று நிற்கின்றன.

ஒவ்வொரு வினைக்கும் ஒரு துணை

விதி ஒன்றேயாயினும், எந்த வினைக்கு எந்த முன்னிடைச்சொல் துணையாகும் என்பதைத் தனித்தனியே கற்கவேண்டும். சிலவற்றில் நம் உருபே வழிகாட்டும். 'சக்சீட் இன் பாஸிங்' என்பதில் 'இன்' வருகிறது. நாமும் 'தேர்ச்சி பெறுவதில் வெற்றி' என்று 'இல்' சேர்க்கிறோம். 'அபாலஜைஸ் ஃபார் கமிங் லேட்' என்பதில் 'ஃபார்' வருகிறது. நாமும் 'தாமதமாக வந்ததற்கு' என்கிறோம். வேறு சிலவற்றில் நம் மொழி உதவாது. தானே பணம் செலுத்துவேன் என்று ஒருவர் வற்புறுத்தினால் அது 'இன்சிஸ்ட் ஆன் பேயிங்'. வெற்றி பெற்றமைக்காக ஒருவரைப் பாராட்டினால் அது 'காங்கிராச்சுலேட் ஆன் வின்னிங்'. இரண்டிலும் 'ஆன்' வருவதற்குத் தமிழில் காரணம் தேடிப் பயனில்லை. வினையையும் துணையையும் ஒரே சொல்லெனக் கருதி மனத்தில் இருத்துவதே வழி.

குற்றம் பற்றிய வினைகள் தனிக்கவனத்துக்குரியவை. 'சஸ்பெக்ட் ஆஃப் ஸ்டீலிங்' என்றால் திருடியிருக்கக்கூடும் என்று உள்ளத்தில் ஐயுறுதல். 'அக்யூஸ் ஆஃப் ஸ்டீலிங்' என்றால் அவ்வையத்தை வெளிப்படையான குற்றச்சாட்டாக்குதல். அது மெய்யா பொய்யா என்பது இன்னும் தீரவில்லை. 'சார்ஜ் வித் ஸ்டீலிங்' என்றால் சட்டப்படி குற்றஞ்சுமத்துதல். 'பனிஷ் ஃபார் ஸ்டீலிங்' என்றால் அச்செயலுக்காகத் தண்டித்தல். துணைச்சொற்கள் 'ஆஃப்', 'வித்', 'ஃபார்' என மாறுவதுபோல், செயலின் படிகளும் மாறுகின்றன.

மொழி இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும் படிகளை, வாழ்வில் நாம் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம் அல்லவா? வீட்டில் ஒரு சிறு நகை காணாமற்போகிறது. வேலைக்கு வரும் ஏழைப் பெண்மீது காலையில் ஐயம், நண்பகலில் குற்றச்சாட்டு, மாலையில் அவள் வேலையை இழந்து நிற்கிறாள். நகை மறுவாரம் அலமாரிக்குப் பின்னால் கிடைத்தாலும், தெருவில் பரவிய சொல்லைத் திரும்பப் பெறுவார் யார்? எட்டாம் கட்டளையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர், இந்நான்கு வினைகளையும் அதனோடு சேர்த்தே கற்பிக்கலாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், குடும்பத்துக்கு இன்றியமையாத மூன்று சொற்களை நினைவூட்டினார். 'தயவுசெய்து', 'நன்றி', 'மன்னிக்கவும்' என்பனவே அவை. பின்னிரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிக் காரணத்தையும் கூறவேண்டுமாயின் 'ஃபார்' வேண்டும். அதன்பின் 'இங்' வேண்டும். ஆங்கிலப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பழைய உத்தம மனஸ்தாப ஜெபமும் இவ்வமைப்போடுதான் தொடங்குகிறது. வெறுமனே வருந்துகிறேன் என்று நின்றுவிடாமல், இன்ன செயலுக்காக வருந்துகிறேன் என்று சொல்லவே அச்சிறு சொல் உதவுகிறது.

இரண்டு 'டு'

தேர்வு எழுதுவோர் மிகுதியாகத் தடுமாறுவது 'டு' என்னும் சொல்லிலாகும். ஆங்கிலத்தில் இரு வகை 'டு' உண்டு. 'ஐ வாண்ட் டு கோ' என்பதில் உள்ளது வினையோடு ஒட்டிய 'டு'. அதன்பின் 'இங்' வராது. மற்றொன்று முன்னிடைச்சொல்லாகிய 'டு'. அதன்பின் 'இங்' வந்தே தீரவேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. வினை வரும் இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்டு டு கிறிஸ்துமஸ்' என்றால் பொருள் நிறைகிறது. ஆதலின் அது முன்னிடைச்சொல். கடிதத்தின் முடிவில் 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்றே எழுதவேண்டும். 'ஹியர்' என்று எழுதுவது பிழை. 'வாண்ட் டு கிறிஸ்துமஸ்' என்றால் பொருள் நில்லாது. ஆதலின் அது மற்ற வகை. எதிர்ப்பைக் குறிக்கும் 'அப்ஜெக்ட் டு', செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் 'கன்ஃபெஸ் டு' ஆகியனவும் 'இங்' கேட்பவையே.

இவற்றினும் நுட்பமானது ஒன்று. 'ஐ யூஸ்டு டு ஃபாஸ்ட்' என்றால் 'முன்பெல்லாம் உபவாசம் இருப்பேன்' என்று பொருள். இப்போது இல்லை என்பது குறிப்பு. 'ஐ ஆம் யூஸ்டு டு ஃபாஸ்டிங்' என்றால் 'உபவாசம் எனக்குப் பழகிய ஒன்று' என்று பொருள். ஓர் 'ஆம்', ஓர் 'இங்'. முன்னதில் வழக்கம் நின்றுவிட்டது, பின்னதில் வழக்கமே இயல்பாகிவிட்டது. தவக்காலத்தில் நம்மைப்பற்றி இவ்விரண்டில் எதை உண்மையாகச் சொல்லக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதும் நன்றே.

வீட்டுப் பயிற்சி

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். இடப்பக்கம் வினையையும் துணையையும் சேர்த்தே எழுதுங்கள். வலப்பக்கம் 'இங்' வருமாறு தம் வாழ்வைப்பற்றி ஒரு வாக்கியம் எழுதப் பிள்ளைகளைத் தூண்டுங்கள். நாளுக்கு ஒன்று போதும். மாலைக் குடும்பச் செபம் முடிந்தபின் அதனை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். ஓராண்டில் ஆங்கிலக் கடிதங்களுக்குப் பெரிதும் வேண்டுவன எல்லாம் அந்நோட்டில் சேர்ந்துவிடும். ஆங்கிலம் அறியாத தாயும் தமிழில் பொருள் கேட்டு இதில் பங்குகொள்ளலாம். தொழிற்பெயரும் உருபும் அவருக்கு நாவில் ஊறியவை அல்லவா?

ஒன்றை மட்டும் விலக்குங்கள்: பிழைக்காகச் சிரிப்பது. வீட்டில் ஒருமுறை நகைக்கப்பட்ட பிள்ளை, வெளியில் வாய்திறக்க அஞ்சும். 1680ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளார், முப்பது வயதளவில் நம் நாட்டுக்கு வந்து தமிழைக் கற்றார். தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்து, வீரமாமுனிவராக நம் உள்ளத்தில் வாழ்கிறார். அவர் நாவும் தொடக்கத்தில் நம் உருபுகளோடு போராடியிருக்கும். கேட்ட தமிழர் பொறுமையோடு திருத்தியிராவிடில் நமக்குத் தேம்பாவணி கிடைத்திராது. அப்பொறுமையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழங்குவோமாக.