பதினெட்டு முடிந்த மறுநாள்

வங்கியில் எனக்கு முன்னால் ஓர் அம்மா, அவர் கையைப் பிடித்தபடி இருபது வயதுப் பையன். நீண்ட முகம், பெரிய காதுகள். யார் முகத்தையும் பார்க்காமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு புறங்கையைக் கடித்துக்கொண்டிருந்தான். கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்துப்போயிருந்தது.

"பையன் மேஜர்ம்மா. அவர்தான் கையெழுத்துப் போடணும், நீங்க போட முடியாது."

"அவனுக்குப் பேனா பிடிக்கவே தெரியாது சார். நான் பெத்தவ."

இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் கவுன்ட்டரில் செல்லுபடியானது முதலாவது மட்டும்தான். இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்துவிட்டேன்! அப்பா போன பிறகு, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, பென்ஷன் நின்ற பிறகுதான் ஓடுகிறார்கள்.

அந்த அம்மாவின் பையில் இருந்த ரிப்போர்ட்டில் ஃப்ரஜைல் எக்ஸ் என்று இருந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் கோளாறு. ஆண் பிள்ளைக்கு இருப்பது ஒரே எக்ஸ் என்பதால் அவனைத்தான் அதிகம் படுத்தும். சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் இது தப்பிவிடலாம். இதற்கென்றே உள்ள டி.என்.ஏ. பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பையனின் அக்கா தங்கைகளும், அம்மாவுடன் பிறந்த பெண்களும் பிள்ளை பெறுமுன் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். கல்யாணம் தட்டிப்போகும் என்று மூடி மறைக்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்குப் 18 வயது முடிந்ததும் அவன் சட்டப்படி மேஜர். எத்தனை சதவீதக் குறைபாடு இருந்தாலும், நீங்கள் அவனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாலும், அவன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அன்றோடு போய்விடும். அதைத் திரும்பப் பெறக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, வக்கீலும் வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் மட்டக் குழு உண்டு. கலெக்டர் அல்லது அவருக்கு இணையான அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் அதில் இருப்பார்கள். சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிப்பது இந்தக் குழுதான். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். "கோர்ட்டுக்குப் போங்க" என்று அங்கேயே யாராவது சொன்னால் எழுந்துவிடாதீர்கள். 'தேசிய அறக்கட்டளைச் சட்டம், பிரிவு 14' என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். தெரியாத அதிகாரிக்குத் தெரிய வைப்பதும் நம் தலையில்தான் விழுந்திருக்கிறது!

விண்ணப்பத்துக்குப் பெயர் படிவம் 'ஏ'. தாயும் தந்தையும் உயிரோடு இருந்தால் இருவரும் சேர்ந்தே போடுங்கள். பையனின் பிறப்புச் சான்று, பையன், பெற்றோர் அனைவரின் ஆதார், போட்டோ, மாற்றுத்திறனாளி சான்று ஆகியவற்றை 17 வயதிலேயே சேர்த்து வையுங்கள். பெயர், இனிஷியல் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளி சான்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற பெயரே கிடையாது. அதில் உள்ளவை ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. ஆகவே சான்றிலும் தனித்துவ அடையாள அட்டையிலும் 'அறிவுசார் குறைபாடு' அல்லது 'ஆட்டிசம்' என்று, சதவீதத்தோடு இருக்க வேண்டும். அவசரத்தில் 'மனநோய்' என்று போட்டுக் கொடுத்துவிட்டால், அந்தச் சான்றை வைத்துக்கொண்டு இந்தக் குழுவிடம் போக முடியாது. மனநோய் இந்தச் சட்டத்துக்குள் வராது. கையில் வாங்கியதும், அந்த இடத்திலேயே நின்று படியுங்கள். வீட்டுக்குப் போய்ப் படிக்காதீர்கள்.

குழுவின் பாதுகாவலர் சான்று வந்ததும் பீரோவில் பூட்டிவிடக் கூடாது. நியமனமான ஆறு மாதத்துக்குள் பையனின் சொத்து, வரவு, கடன் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். இதை யாரும் நினைவுபடுத்தமாட்டார்கள், நீங்கள்தான் குறித்து வைக்க வேண்டும்.

வங்கி மறுத்தால்? இந்தக் குழு தரும் பாதுகாவலர் சான்றை ஏற்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

மத்திய அரசு ஊழியரா நீங்கள்? சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இருக்கும்போதே அவன் பெயரை ஓய்வூதிய ஆணையில் ஏற்றிவிடுங்கள். இறந்த பிறகு ஏற்றுவதற்கு உங்கள் மனைவி எத்தனை மேஜைக்கு அலைய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடும் இருக்கிறது: ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, சேரும் முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் போச்சு.

திரும்பவும் சொல்கிறேன்: பெற்றவர் இருவரும் உயிரோடு இருக்கும்போதே போங்கள். உங்களுக்குப் பின் யார் என்பதையும் முடிவு செய்து, அது அண்ணனோ சித்தியோ, அந்த ஆளை உட்காரவைத்துப் பேசி, அவர் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். "சொந்தக்காரங்க பாத்துப்பாங்க" என்பது காகிதமாகாது.

அந்த அம்மா அன்று பணம் எடுக்காமல்தான் திரும்பினார். பாதுகாவலர் சான்று கைக்கு வர ஐந்து மாதம் ஆனது.