மலையகத்தில் உப்புநீர்த் தொட்டி: காசு கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வீட்டில் சிறிய உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுபவர் முதலில் அழகைப் பார்க்கிறார், பிறகு விலையை விசாரிக்கிறார். சட்டமும் தண்ணீரும் மின்சாரமும் மீன் செத்த பிறகே நினைவுக்கு வருகின்றன. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். செத்த மீனை எந்த அதிகார சபையாலும் உயிர்ப்பிக்க முடியாது. உடைத்தெடுத்த முருகைக்கல்லைத் திரும்பக் கடலடிப் பாரில் ஒட்டவும் முடியாது. வாங்கிய பின் கிடைக்கும் பரிகாரம் சிறிது. வாங்குபவருக்குள்ள உண்மையான பாதுகாப்பு, காசு கொடுக்குமுன் கேட்கும் கேள்விகளில்தான் இருக்கிறது.

முதற்கேள்வி முருகைக்கல்லைப் பற்றியது. கல்லைப்போலத் தெரிந்தாலும் அது மிகச் சிறிய விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து கட்டும் உடல். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் 2009ஆம் ஆண்டுத் திருத்தமும் நம் கடலின் கல் முருகைகளைப் பாதுகாக்கப்பட்ட உயிர்களாக வைத்திருக்கின்றன. அவற்றை உடைப்பது மட்டுமன்றி, வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே "கடையில்தான் வாங்கினேன்" என்ற பதில் வீட்டுக்காரரைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த கல் முருகை என்றால், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் பற்றிய உடன்படிக்கையின்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இலங்கை 1979 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. பத்திரத்தின் பிரதியைக் காட்ட முடியாத கடையில் முருகை வாங்க வேண்டாம். சுட்ட களிமண்ணிலோ சீமெந்திலோ செய்த செயற்கைக் கல், நன்மை செய்யும் பக்டீரியாக்கள் குடியேறப் போதுமானது.

அடுத்தது மீன். முருகைப் பாரின் மேல் வலையைப் போர்த்தி, மீனை விரட்டிப் பிடிக்கும் மொக்சி வலைக்கு இந்நாட்டில் தடை உண்டு. வலையோடு சேர்ந்து முருகையும் முறிவதே காரணம். பிடித்த முறை மீனின் உடலில் எழுதியிருக்காது. அதனால் எங்கே, எப்படிக் கிடைத்தது என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். "எப்படியும் பிடித்தாயிற்று, நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்" என்று சிலர் வாதிடலாம். ஆனால் கடைக்காரர் அடுத்த முறை என்ன தருவிப்பார் என்பதை இன்று விற்றுப்போனதே தீர்மானிக்கிறது. கோமாளி மீன் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கக்கூடியது. அப்படிப் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்கினால் பாருக்கும் நட்டமில்லை, மீனும் தொட்டிக்குப் பழகியிருக்கும். முருகையைக் கொறித்தே வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடக்கக்காரர் தொடக்கூடாது. அவற்றுள் பல தொட்டியில் பட்டினியால் சாகின்றன.

கரையோரத்தவருக்கு இல்லாத மூன்று சிக்கல்கள் நமக்கு உண்டு. முதலாவது உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். கொழும்பில் நான்கு மீன் தாங்கும் தொட்டியில் இங்கே மூன்றே விடுவது நல்லது. நீரின் மேற்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாவது குளிர். கடல் மீனுக்கு 25 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் தேவை. நுவரெலியாவின் சராசரியோ 16 பாகைதான். 100 வாற்று ஹீட்டர் நாள் முழுதும் எரிந்தால் மாதத்துக்கு 72 அலகு ஆகும். பம்பும் விளக்கும் தனி. 60 அலகைத் தாண்டினால் மின்கட்டண வீதமே மாறுகிற குடும்பத்துக்கு இது பெரிய சுமை. மின்சாரம் நின்றால் வெப்பமும் ஒட்சிசனும் ஒன்றாக இறங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று, தொட்டியோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள்.

மூன்றாவது தண்ணீர். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கிய பின், செப்பு கலந்த பூஞ்சணக் கொல்லிகள் தோட்டங்களில் தெளிக்கப்பட்டு வந்துள்ளன. மனிதருக்குத் தீங்கில்லாத சிறு அளவு செப்பும் இறாலையும் நத்தையையும் முருகையையும் கொல்லும். காய்ச்சினாலும் அது போகாது. தேயிலைச் சரிவுக்குக் கீழே பிடிக்கும் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சவ்வூடு வடிகட்டிய நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்பது கணக்கு. பிறகு நான்கு முதல் ஆறு வாரம் மீனில்லாமல் தொட்டியை ஓடவிட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகிவிட்டதைச் சோதித்தறிந்த பின்னரே முதல் மீனை விட வேண்டும். தொட்டியிலிருந்து மாற்றியெடுக்கும் ஒவ்வோர் ஆறு லீற்றர் நீரிலும் 210 கிராம் உப்பு இருக்கிறது; அதைத் தேயிலை வேரிலோ ஓடையிலோ ஊற்றக்கூடாது.

ஆளுக்கு வரும் ஆபத்தும் உண்டு. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பழைய லயன் வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்னிணைப்பாளரைக் கொண்டு பார்க்காமல் தொட்டி வைப்பது உயிரோடு விளையாடுவது. கடலிலிருந்து வந்த கல்லைச் சுத்தம் செய்வதற்காக வெந்நீரில் கொதிக்க வைக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கக்கூடிய, மென்முருகை போன்ற சில உயிர்களின் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறி, வீட்டிலுள்ளவர்களை வீழ்த்தக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் விற்பனையாளர் பற்றுச்சீட்டுத் தந்தாக வேண்டும். மீனின் பெயரையும் பண்ணை மீனா, கடல் மீனா என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள். சொன்னதற்கு மாறான பொருள் என்றால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. முருகை விற்கப்படுவதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

"இத்தனை நிபந்தனை போட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் கடலை எப்போது பார்ப்பது?" என்ற கேள்வி நியாயமானது. கடலைக் காணாமலே வளரும் பிள்ளைக்கு அதைப் பார்க்க ஆசைப்படும் உரிமை உண்டு. ஆனால் மாதம் ஒரு மீனாகச் செத்து மிதக்கும் தொட்டி பிள்ளைக்குக் கடலைப் பற்றி எதையும் கற்றுத்தராது. செலவு தாங்காத வீடுகளுக்குப் பாடசாலை ஒன்றில் பொதுவாக வைத்துப் பராமரிக்கும் ஒரு தொட்டி போதும். ஒரு மின்கட்டணம், ஒரு வடிகட்டி, பொறுப்பேற்க ஓர் ஆசிரியர். வீட்டில் வைப்பவரோ மூன்று பதில்கள் கையில் கிடைக்கும்வரை காத்திருக்கட்டும்: உயிர் எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரண்ட் நின்றால் என்ன செய்வது. இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அன்று எதையும் வாங்காமல் திரும்புவதே சரி.