கண்ணுக்குள் பறக்கும் பூச்சி

‘வயது 56. வயலைப் பார்க்கும்போது கண் முன்னால் கொசு பறப்பதுபோலத் தெரிகிறது. பூச்சிமருந்து அடித்ததால் வந்திருக்குமோ?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பயிர்க் கேள்வி இல்லைதான். எனக்கும் இந்தத் தொந்தரவு உண்டு என்பதால் நானே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நெல் வயலில் குருத்துப்பூச்சியின் தாய் அந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பாக ஒன்று பறந்தது. கையை வீசினேன், போகவில்லை. கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே வந்தது.

கண்ணுக்குள் இளநுங்கு போலத் தெளிவான ஜெல் நிரம்பியிருக்கிறது. வயது ஏற ஏற அது நீர்த்து, உள்ளிருக்கும் மெல்லிய நார்கள் திரளும். அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் பூச்சியாகவும் நூலாகவும் பார்க்கிறோம். மருந்து தெளித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொட்டு மருந்து ஊற்றினாலும் போகாது. நெடுநாளாக ஒன்றிரண்டு மட்டும் இருந்து, கூடாமலும் இருந்தால் பயமில்லை.

ஆனால், அந்த ஜெல் சுருங்கி விலகும்போது சிலருக்கு விழித்திரையைக் கிழித்துவிடும். கிழிசல் வழியே நீர் இறங்கினால், ஓதம் ஏறிய சுவரில் பூச்சு உரிவதுபோல விழித்திரை பிரிந்துவிடும். வலியே இருக்காது. அதனால்தான் தள்ளிப்போடுகிறோம்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயிக்குத் திடீரென்று கரித்தூள் தூவியதுபோலப் புள்ளிகள். இருட்டில் கண் ஓரத்தில் மின்னல் வெட்டு. அறுவடை இயந்திரம் வந்து நின்ற நேரம். “அறுப்பு முடியட்டும் சார்” என்றார். நானும் வற்புறுத்தவில்லை. எட்டாம் நாள் ஒரு பக்கமிருந்து கறுப்புத் திரை இறங்கியது. அறுவைச் சிகிச்சை செய்தும் பழைய பார்வை திரும்பவில்லை. கிழிசலாக இருந்தபோதே போயிருந்தால் லேசர் வைத்து ஓரத்தை ஒட்டவைத்திருப்பார்கள்.

புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கிட்டப்பார்வைக்குக் கனமான கண்ணாடி போட்டவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தும் இப்படித் தெரியலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் இது தெரியாது. பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டு உள்ளே பார்க்க வேண்டும். சில மணி நேரம் கண் கூசும். பைக் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: இது எப்போது தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. பழசு என்றாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்த மாதம்தான் என்றால், அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் இன்றே கிளம்புங்கள்.